பல் வரிசை நிலைக்க வேண்டுமெனில்…



பற்கள் நெருக்கமாக முளைத்த பிள்ளைகளுக்குக் கிளிப் போடுவது மார்க்கத்தில் கூடுமா எனப் பெற்றோர் நம்மிடம் வினவுவதுண்டு. அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். அதே நபியவர்கள், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு அமைத்துக்கொள்ள அனுமதியும் வழங்கினார்கள். ஆகவே குறையை நீக்கும் சிகிச்சை வேறு, படைப்பை மாற்றும் அலங்காரம் வேறு என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மெல்லுவதற்கும் துலக்குவதற்கும் இடையூறான நெருக்கத்தைச் சீர்செய்வதில் தடையில்லை.

அடுத்து எழும் வினா, "பல்லைப் பிடுங்காமல் முடியுமா?" என்பதே. அல்லாஹ் அருளிய நல்ல பல்லை இழக்க மனம் ஒப்பாதது இயல்பு. ஆயினும் சீராக்கிய வரிசை பல்லாண்டுகள் நிலைக்குமா என்று நாம் கேட்பதே இல்லை. பணமும் பிள்ளையின் பொறுமையும் வீணாவது இங்குதான்.

எல்லாப் பற்களையும் காத்தே சீராக்க வேண்டும் என்றார் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீடோ, தம்மிடம் சிகிச்சை பெற்ற பலருக்குப் பற்கள் மீண்டும் கோணியதைக் கண்டார். ஆசிரியரின் கருத்துக்கு மாறாக, முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மறுசிகிச்சை அளித்தார். அதுவும் முடிவான தீர்வாகவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பல் எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை, ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர். கீழ் முன்பற்களின் வரிசை திருப்தியாக இருந்தோர் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. பல் எடுக்காமல் கீழ்ப்பல் வரிசையை விரித்தவர்களிடமும் பெரும்பாலும் நெருக்கம் திரும்பியதை அவர்களின் பிந்தைய ஆய்வு காட்டிற்று.

காரணம் எளிது. ஈறின் நார்கள் பல்லைப் பழைய இடத்திற்கு இழுக்கின்றன. நாக்கு உள்ளிருந்தும், உதடும் கன்னமும் வெளியிலிருந்தும் அழுத்துகின்றன. அந்தச் சமநிலையை மீறிக் கோரைப்பற்களுக்கிடையே விரித்த அகலம் மெல்லச் சுருங்குகிறது. வயது ஏற ஏற, சிகிச்சையே பெறாதவர்க்கும் கீழ் முன்பற்கள் நெருங்குவதுண்டு.

ஆகவே பல்லை எடுக்காததே வெற்றி என எண்ணுவது தவறு என்பது நமது கருத்து. சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "இடம் எங்கிருந்து கிடைக்கிறது? தாங்கும் அளவுக்கு மேல் விரிக்கிறீர்களா? ரிடெய்னரை எத்தனை ஆண்டுகள் அணிய வேண்டும்?" பால் கடைவாய்ப் பற்கள் விழுவதற்கு முன்பே பிள்ளையைக் காட்டுவதும் நன்று. அவற்றினும் சிறிய பற்களே பின்னர் முளைப்பதால், மிஞ்சும் இடத்தைச் சிலருக்குக் காத்துப் பயன்படுத்தலாம்.

நிக்காஹ்வுக்கு முன் மகளின் பல்லைச் சீராக்கிவிட்டு, பின்னர் ரிடெய்னரைப் பெட்டியில் பூட்டிவிடும் வீடுகள் நம்மிடையே உள்ளன. சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று நபியவர்கள் கற்பித்தார்கள். உடல் அவனுடைய அமானிதம்; அதைப் பேணுவதிலும் அந்தப் பாடமே பொருந்தும். இரவுதோறும் ரிடெய்னர் அணியும் உறுதி இருந்தால் தொடங்குங்கள். இல்லையெனில், பல்லை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வரிசை கலையக்கூடும் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் நிலைத்தன்மையையும் அருள்வானாக. ஆமீன்.