சிலம்பை உடைக்க வேண்டியது யார்?

நம் சிறுகதைகளில் ஒருவன் கைதானால் அவன் குற்றவாளியாக இருப்பான்; இல்லாவிட்டால், கடைசிப் பக்கத்தில் நிரபராதி என்று நிரூபணமாகும் உத்தமனாக இருப்பான். இரண்டாவது ரகத்தை மனிதாபிமானக் கதை என்று நாம் பாராட்டி வருகிறோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழையான எண்ணம்தான்: குற்றம் சாட்டப்பட்டவன் தன்னைத் தானே நிரபராதி என்று நிரூபித்தாக வேண்டும் என்பது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சுமையை ஓரளவு மாற்றி வைக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அவை விதிவிலக்கு. முதல் தகவல் அறிக்கை என்பது போலீஸுக்கு வந்த தகவலின் பதிவு. குற்றப்பத்திரிகை போலீஸின் கட்சி. செக் வந்து சேர்ந்ததையே பணம் வந்து சேர்ந்ததாக எந்த வங்கிக் குமாஸ்தாவும் எண்ணுவதில்லை. நம் கதாசிரியர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

'போலீஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்ற பத்திரிகை வாக்கியம் அப்படியே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை, சொன்னவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 23-வது பிரிவு. ஒரு பொருளைக் கண்டெடுக்கக் காரணமாயிருந்த பகுதி மட்டும் செல்லும். வெள்ளைக்காரன்கூடத் தன் போலீஸை நம்பாமல் எழுதி வைத்த விதி. நமக்கு அந்த அவநம்பிக்கைகூடக் கிடையாது.

பதில் பேசாமல் தலைகுனிந்தால் குற்றம் நிச்சயம். ஜாமீன் கிடைத்தால் தப்பித்துவிட்டான். புகார் கொடுத்தவள் மனமிளகினால் கொலை வழக்கும் வாபஸ். தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3)-வது விதி. ஜாமீன், வழக்கு முடியும்வரைக்குமான ஏற்பாடு. கொலை வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரரின் மனமாற்றத்தோடு அது முடிவதில்லை.

கலைக்கு எதற்குச் சட்ட நுணுக்கம் என்று கேட்பார்கள். நுணுக்கம் பற்றிய பேச்சே இல்லை இது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தண்டனையின் உச்ச அளவையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் பீகார் சிறைகளில் இருந்ததை 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளியே கொண்டுவந்தது. தீர்ப்பில்லாத இந்த வாழ்க்கைக்குக் கதைமுடிவு கிடையாது. ஆகவே இவன் நமக்குப் பாத்திரமாவதில்லை. குண்டூர் போலீஸ் காவலில் பட்டதை 'லாக்கப்' என்று எழுத கோயம்புத்தூரிலிருந்து மு. சந்திரகுமார் என்ற ஆட்டோ ஓட்டுநர் வர வேண்டியிருந்தது. வடிவப் பிரக்ஞை பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்?

பாஷையும் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட்டுத் தமிழில் பெயர் 'எதிரி'. பத்திரிகைத் தமிழில் கைதான அன்றே 'குற்றவாளி'. விடுதலையானால் 'தப்பினான்'. சொற்களைத் தராசில் நிறுத்துக் கவிதை எழுதுகிறவர்களும் இவற்றைக் கூசாமல் புழங்குகிறார்கள்.

கோவலனை விசாரிக்காமல் கொன்றார்கள். அதனால்தான் கண்ணகி அவையில் சிலம்பை உடைத்து நிரூபிக்க வேண்டி வந்தது. அந்த உடைப்பையே நீதியின் உச்சக் காட்சியாக மேடைதோறும் கொண்டாடி வருகிறோம். நிரூபிக்க வேண்டியவன் பொற்கொல்லன். அவனை ஒரு கேள்வி கேட்க இன்றைக்கும் நமக்குத் தோன்றவில்லை.