சுருக்கம் விழுந்த பாட்டியும் சில கேமராக்களும்

ஜவ்வாது மலைக்குப் போய்ட்டு வந்த நண்பர்களோட ஆல்பம் எதைத் திறந்தாலும் மூணே மூணு படம்தான். பீமன் அருவி, கோமுட்டேரி படகு, அப்புறம் கருப்பு வெள்ளையில ஒரு பாட்டி. பாட்டி முகத்துல சுருக்கம் நல்லாத் தெரியணும்னு கான்ட்ராஸ்டை ஏத்தி வெச்சிருப்பாங்க. கீழே 'மலையின் ஆன்மா'ன்னு ஒரு தலைப்பு வேற. அந்தப் பாட்டி பேர் என்னன்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் பதில் வராது.

இது கலை இல்லை மக்களே, வேட்டை. இப்படி வேட்டையாடறவரைக்கும் நம்ம போட்டோகிராஃபி ஒரு இஞ்ச் கூட முன்னேறாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்த வேலையை நமக்கு முன்னாடியே ஒருத்தர் செஞ்சுட்டார். சென்னை மியூசியத்தோட தலைவரா இருந்த எட்கர் தர்ஸ்டன். மூக்கு நீளம், தலை அகலம்னு மனுஷங்களை அளந்தார், படம் எடுத்தார். ரங்காச்சாரியோட சேர்ந்து 1909ல தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பத்தி 7 தொகுதி வெளியிட்டார். ஜவ்வாது மலையில இருக்கற மலையாளிகளும் (கேரளா இல்லீங்க, தமிழ் பேசுற பழங்குடி மக்கள்) அந்தப் பட்டியல்ல உண்டு. அவரைப் பாத்ததும் வயநாட்டுப் பணியர் பெண்கள் ஓடிட்டாங்களாம். நம்மளப் பிடிச்சு, பாடம் பண்ணி, மியூசியத்துல நிறுத்திடுவாரோன்னு பயம். இதை அவரே எழுதி வெச்சிருக்கார். நூறு வருஷம் கழிச்சு நாம அதையேதான் செய்யறோம். மியூசியத்துக்கு பதிலா இன்ஸ்டாகிராம், அவ்ளோதான் வித்தியாசம்.

"பொது இடத்துல எடுத்தா தப்பில்லையே"ம்பாங்க. ஒருத்தர் வீட்டுத் திண்ணை எப்போ சார் பொது இடமாச்சு? நம்ம அபார்ட்மென்ட் வாசல்ல ஒருத்தன் ஜூம் லென்ஸோட வந்து நம்ம அம்மாவை எடுத்தா சும்மா விடுவோமா?

அந்த மக்கள் கேமராவைப் பாத்து பயப்படக் காரணமும் இருக்கு. 2015 ஏப்ரல் 7ந்தேதி சேஷாசலம் காட்டுல, செம்மரம் வெட்ட வந்தவங்கன்னு சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. அதுல பலர் இந்த மலைக்காரங்க. முன்பின் தெரியாத ஒருத்தன் முகத்தைப் பதிஞ்சுக்கிட்டுப் போனா, அது எங்கே போய் யார் கைக்குச் சேரும்னு அவங்க யோசிக்க மாட்டாங்களா?

"கேட்டு எடுத்தா இயல்பு போயிடுமே"ங்கறது அடுத்த சாக்கு. போகும்தான். முதல் பத்து நிமிஷம் விறைப்பா நிப்பாங்க. அதுக்கப்புறமும் நீங்க அங்கேயே உக்காந்திருந்தா அவங்க சாமை புடைக்கப் போயிடுவாங்க, நீங்க இருக்கறதையே மறந்துடுவாங்க. உண்மையான படம் அப்போதான் ஆரம்பிக்குது. நமக்குத்தான் பொறுமை இல்லை. இயல்பு மேல பழியைப் போடறோம்.

பொறுமைக்கு உதாரணம் அதே மலையில இருக்கு. காவலூர் வானாய்வகத்துல 1977 மார்ச் 10 அன்னிக்கு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால கடக்கிற நேரத்துக்காக 1 மீட்டர் தொலைநோக்கியோட காத்திருந்தாங்க. நட்சத்திரத்தோட வெளிச்சம் எதிர்பாராம சில நொடி குறைஞ்சது. யுரேனஸுக்கு வளையம் இருக்குங்கறதுக்குக் கிடைச்ச ஆதாரங்கள்ல அதுவும் ஒண்ணு. நாம என்னடான்னா காரை விட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கி நாலு க்ளிக்!

சரி, திட்டினது போதும். என்னதான் செய்யச் சொல்றேன்?

1. முதல்ல பேசுங்க. கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும். பேர், பயிர், மழை, புள்ளைங்க. வேண்டாம்னு சொன்னா கும்பிட்டுட்டு நகருங்க.

2. 200 எம்எம்மை மூட்டை கட்டுங்க. 50 எம்எம் 1.8 போதும், மொபைல் கூட போதும். கிட்டப் போனாத்தான் எடுக்க முடியும், கேட்டாத்தான் கிட்டப் போக முடியும். லென்ஸே உங்களுக்கு மரியாதை கத்துக் குடுக்கும்.

3. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணுக்குக் கீழ குழி விழும். வாசல்படிக்கு உள்பக்கம் நிழல்ல உக்காரச் சொல்லுங்க. வெளியிலிருந்து வர்ற வெளிச்சம் முகத்துல மெத்துனு விழும். பின்னாடி இருட்டா இருக்கறதால கேமரா ஏமாந்து படத்தை வெளுப்பாக்கிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைங்க. அவங்க நிறம் அவங்க நிறமாவே வரட்டும். பின்னாடி வானம் இருந்தா இதுக்கு நேர் எதிர், ஒரு ஸ்டாப் ஏத்துங்க.

4. முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீங்க. கை, முறம், அடுப்பு, சாணி மெழுகின தரை... அவங்க வாழ்க்கை அதுலதான் இருக்கு. சுருக்கம் எல்லாருக்கும்தான் விழும், நமக்கும் விழப்போவுது.

5. பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு அதே வீட்டுக்குத் திரும்பப் போங்க. இதுதான் பெரிய பாடம். அந்தப் படத்தை அவங்க கையில குடுக்க உங்களுக்குக் கூச்சமா இருந்தா, எடுத்தது சரியில்லைன்னு அர்த்தம். எந்தப் போட்டி நடுவரும் இவ்வளவு சுத்தமா மார்க் போட மாட்டார்.

புது பாடி வாங்கலாமா, புது லென்ஸ் வாங்கலாமான்னு என்கிட்ட கேக்கற நண்பர்களே, அந்தக் காசுல ஒரு பங்கை எடுத்து போளூர் வழியாவோ ஆலங்காயம் வழியாவோ நாலு தடவை மலையேறுங்க. நாலு தடவையும் ஒரே ஊருக்கு. அப்புறம் வந்து சண்டை போடுங்க, நான் தயார்.

டிஸ்கி: அருவி, படகு கோஷ்டிக்கு இந்தப் பதிவு பொருந்தாது. பீமன் அருவி உங்க மேல வருத்தப்படாது :-)