ஸ்னேர் டிரம்மும் நம் மதிப்புரைகளும்

தமிழில் விமர்சனம் இல்லை என்பது புதிய புலம்பல் அல்ல. க.நா.சு. சொன்னார், செல்லப்பா சொன்னார், வெங்கட் சாமிநாதன் ஆயுள் பூராவும் சொன்னார். அதே பல்லவியை நானும் ஒரு முறை பாட இதை எழுதவில்லை. விமர்சனம் என்கிற காரியம் நம்மைச் சுற்றி நடந்துகொண்டுதான் இருக்கிறது, நாம் 'இரைச்சல்' என்று காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகிற இடத்தில் நடக்கிறது என்பதே என் கட்சி. ஹார்ட் ராக்கும் ஹெவி மெட்டலும் கேட்கிற பையன்கள் புதிய ஆல்பம் ஒன்று வந்ததும் தங்களுக்குள் போட்டுக்கொள்கிற சண்டையைச் சொல்கிறேன். நண்பர்கள் சிலருக்கு இதைக் கேட்டதும் ஒரு சிரிப்பு வருகிறது. பேங்க் குமாஸ்தாவுக்கு மலைமேல் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்கிற சிரிப்பு. சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கீழே உள்ள ஒரு விஷயத்துக்காவது பதில் சொல்லட்டும்.

2003-ல் மெட்டாலிகா 'செயின்ட் ஆங்கர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதில் டிரம்மர் லார்ஸ் உல்ரிக், ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி இருக்கும் கம்பிச் சுருள்களைத் தளர்த்தி விலக்கிவிட்டு வாசித்தார். அடிக்கு அடி காலி எண்ணெய் டின்னைத் தட்டுகிற சத்தம். உலகம் முழுவதும் ரசிகர்கள் நொந்துபோனார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2008 செப்டம்பரில், 'டெத் மாக்னெடிக்' வந்தது. பழைய வேகம், பழைய கித்தார், நீண்ட பாட்டுகள் எல்லாம் திரும்பியிருந்தன. பிரியப்பட்டவர்கள் சந்தோஷப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார்கள். உரத்த இடங்களில் எல்லாம் ஒலி கிழிகிறது என்று கண்டுபிடித்தார்கள். பதிவில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் உச்சத்துக்கே தூக்கி நிறுத்தினால், ஒலியலையின் தலை வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் கரகரப்பு பிறக்கிறது. எல்லாமே உரக்க இருந்தால் எதுவுமே உரக்க இல்லை என்றாகிவிடுகிறது.

இத்தோடு நிற்கவில்லை. அதே பாட்டுகள் 'கித்தார் ஹீரோ' என்ற விளையாட்டுக்கும் தரப்பட்டிருந்தன. அந்த வடிவத்தில் இந்த நசுக்கல் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, அலைவடிவங்களைப் படமாகப் போட்டுக் காட்டி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு, ஆல்பத்தை மறுபடி கலந்து வெளியிடச் சொன்னார்கள். கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பைச் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது என்று ஒரு ரசிகருக்குப் பதில் எழுத நேர்ந்தது.

செல்லப்பா 'அலசல்' என்று எதற்காக மன்றாடினாரோ அது இது. உ.வே.சா. ஏடுகளை வைத்துக்கொண்டு செய்த பாடபேத ஆராய்ச்சியும் இதுதான். செய்தவர்கள் கறுப்பு பனியன் போட்ட மாணவர்கள், கடைச் சிப்பந்திகள். எதிரே இருந்தது அவர்கள் ஆராதிக்கும் குழு. 1988-ல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெடின் பாஸ் கித்தார் காதில் விழுவதே இல்லை. 1986-ல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் கிளிஃப் பர்ட்டன் இறந்தபின் அவர் இடத்துக்கு வந்தவர் நியூஸ்டெட். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ரசிகர்கள் இதை விடவில்லை. தாங்களே பாஸ் வாசித்துச் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. ஆல்பத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிறவர்களும் அவர்களேதான். பிரியமும் புகாரும் ஒரே வாயில். நம்மிடம் பிரியம் இருந்தால் புகார் துரோகம். புகார் இருந்தால் அது பகை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கடந்த பத்து வருஷத்தில் வந்த தமிழ் நாவல் மதிப்புரைகளில் ஒன்றாவது, ஆசிரியரின் வாக்கியத்தில் எந்த இடத்தில் சுருதி பிசகுகிறது என்று சுட்டிக்காட்டி, இவருடைய முந்தைய நாவலில் இதே வேலையைச் செய்த வாக்கியம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் வைத்து அலசியிருக்கிறதா? நண்பர்கள் எடுத்துக் காட்டட்டும், நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறேன். நம் மதிப்புரையின் அங்கங்கள் நமக்குத் தெரிந்தவைதாம்: ஆசிரியரின் ஊர், அந்த மண்ணின் வாசனை, கதைச் சுருக்கம் முக்கால் பங்கு, 'தவிர்க்க முடியாத குரல்' என்ற முத்திரை, கடைசியில் எழுத்துப் பிழைகளைக் கவனித்திருக்கலாம் என்று பதிப்பாளர் தலையில் ஒரு குட்டு. நான் பிழைக்கிற தொழிலில் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் நிற்பது சகஜம். நீ என் கடனுக்கு, நான் உன் கடனுக்கு. இரண்டு பேருமே கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது எந்தக் கிளை மேனேஜருக்கும் தெரியும். நம் சிற்றேட்டு உலகின் கணக்குப் புத்தகம் இந்த மாதிரி ஜாமீன்களால் நிறைந்திருக்கிறது.

நகைக் கடனுக்கு ஒருவர் வந்தால் அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறார். வந்தவர் சொந்த மாமனாராக இருக்கலாம். காரட் கூடாது, குறையாது. மெட்டல் ரசிகன் கையில் ஏதோ ஒரு உரைகல் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் ரொம்பச் சாதாரணம். அவனுக்கு அந்தக் குழுவிடம் காரியம் எதுவும் இல்லை. முன்னுரை வேண்டாம், பரிசுக் குழுவில் ஆள் வேண்டாம், அடுத்த மேடையில் நாற்காலி வேண்டாம். தன் காசில் வாங்கித் தன் காதால் கேட்கிறான்.

அயர்ன் மெய்டன் 2021-ல் 'சென்ஜுட்ஸு'வைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 82 நிமிஷம். ஸ்டீவ் ஹாரிஸ் எழுதிய கடைசி மூன்று பாட்டுகள் ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்துக்கு மேல். மெய்டன் சின்னத்தைத் தோளில் பச்சை குத்திக்கொண்டவர்களே, எந்தப் பாட்டில் எந்த இடம் வெறுமனே திரும்ப வருகிறது, எங்கே கத்தரி வைக்கலாம் என்று சொன்னார்கள். 2023-ல் வந்த மெட்டாலிகாவின் '72 சீஸன்ஸ்' 77 நிமிஷம். அதற்கும் இதே புகார். தமிழில் 800 பக்கத்துக்கு ஒரு நாவல் வருகிறது. நூறு பக்கம் வெட்டலாம், இன்ன இன்ன அத்தியாயங்கள் என்று யாராவது எழுதுங்கள் பார்ப்போம். எழுதியவருக்கு மறுநாள் கிடைக்கும் பெயர்களில் 'வன்மம்' என்பதுதான் மிக மென்மையானதாக இருக்கும். ஜூடாஸ் ப்ரீஸ்டின் 'இன்வின்ஸிபிள் ஷீல்ட்' 2024 மார்ச்சில் வந்தபோது ராப் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. அந்தத் தொண்டையில் எவ்வளவு மிச்சம், எந்த இடத்தில் கருவி கைகொடுக்கிறது என்று வயதை மறைக்காமல் ரசிகர்கள் எடைபோட்டார்கள். எடைபோட்டு நல்ல ஆல்பம் என்று பலரும் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. நாம் எழுபது தாண்டியவருக்கு மலர் போடுகிறோம். அவருடைய கடைசி நாவலை முழுக்கப் படித்தவர் யார் என்றால் புரூஃப் பார்த்தவரைத்தான் கேட்க வேண்டும்.

'அதெல்லாம் சரி, ஆனால் அது இரைச்சல்தானே' என்ற ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. இந்த இசை எங்கே தொடங்கிற்று என்பது தெரியாத ஆட்சேபம். பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில், 1965-ல், வேலையை விட்டுப்போகிற கடைசி நாளில், டோனி ஐயோமி என்ற பதினேழு வயதுப் பையனின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் யந்திரத்தில் துண்டாயின. இடது கையால் மீட்டுகிறவன். தந்தியை அழுத்த வேண்டிய கை வலது கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். மெல்லிய தந்தி போட்டான். பின்னால், அழுத்துவதற்கு இலகுவாக, தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினான். 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்த இறக்கம் தெளிவாகக் கேட்கும். பிளாக் சப்பாத்தின் கனம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, வெட்டுப்பட்ட விரல்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய இழுவிசை. 1970-ல் அவர்கள் முதல் ஆல்பத்தை லெஸ்டர் பாங்ஸ் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் எடுத்தெறிந்து எழுதினார். இரண்டு வருஷத்தில் அவரே பாராட்டி எழுத வேண்டியதாயிற்று. ரசிகர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஜூலை 5 அன்று அசல் நால்வரும் அதே பர்மிங்காமில், வில்லா பார்க் மைதானத்தில், கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பதினேழு நாளில் ஆஸி ஆஸ்பர்ன் இறந்துபோனார்.

இரைச்சல் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு ஜாதகம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறையை இரைச்சல் என்றவர்கள் யார், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்கள் என்பது யாருக்கும் ரகசியம் இல்லை. ஒரு ஒலி காதுக்கு ஒவ்வாதது என்று தீர்ப்புச் சொல்கிறவர், அந்தக் காது யாரால் வளர்க்கப்பட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? கூத்தையும் ஓவியத்தையும் சினிமாவையும் தெரியாதவனுக்கு இலக்கியமும் தெரியாது என்று சாமிநாதன் வாதாடியதைக் கூட்டத்தில் கைதட்டிக் கேட்டவர்களே இந்த ஒரு வாசலை மட்டும் சாத்திவைக்கிறார்கள்.

இந்த ரசிகர்களுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வியாதிகள் அவர்களுக்கும் உண்டு. நள்ளிரவில் ஆல்பம் வெளியானால் விடிவதற்குள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடுகிற அவசரம். க.நா.சு.வின் பட்டியலாவது ஒரு வாழ்நாள் வாசிப்பின் சுருக்கம். அப்புறம் ஜாதி. த்ராஷ், டெத், பிளாக், டூம் என்று உட்பிரிவுகள், டெத்துக்குள்ளேயே ஐந்தாறு, ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை கிடையாது, 'உண்மையான மெட்டல்' எது என்று ஆசாரம் பார்ப்பது. தூய இலக்கியம் பேசுகிற நமக்கு இதில் அந்நியமாக எதுவும் தெரியாது.

இங்கேயுள்ள ரசிகனுக்குக் கூடுதலாக ஒன்று. தன் ஊர்க் குழுவைப் பற்றி வாய் திறக்க ஐரோப்பாவின் அனுமதிக்குக் காத்திருக்கிறான். 1993-ல் அலகாபாத்தில் அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' தொடங்கியது ஓரளவு இந்தத் தாழ்வுணர்ச்சிக்கு எதிரான காரியம். ஆனாலும் 2019-ல் ஜெர்மனியில் வாக்கன் விழாவில் வாசித்த பிறகே டெல்லியின் ப்ளட்டிவுட் பலர் காதில் ஏறியது. அவர்களுடைய 'ரக்ஷக்' (2022), 'நூ டெல்லி' (2025) பற்றி இங்கே நடக்கும் வாதமும் டோல் சத்தம் சரக்கா விளம்பரமா என்பதைத் தாண்டி அதிகம் போவதில்லை. அந்த டோல் கித்தாரோடு தாளத்தில் எங்கே கோத்துக்கொள்கிறது, எங்கே மேலே ஒட்டவைத்த ஜிகினாக் காகிதமாக நிற்கிறது என்று கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம்.

எனக்கு இதில் உறுத்துவது தமிழ். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா, இந்திய வம்சாவளி இளைஞர்கள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, நடத்தும் குழு. டெத் மெட்டலில் வேதாந்தம். 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் மூன்று ஆல்பங்கள்: 2005, 2009, 2011. கேட்கவேண்டிய ஆல்பங்கள், சந்தேகமில்லை. பாடுவது ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும். உறுமுகிற தொண்டைக்குத் தமிழின் வல்லெழுத்துகள் எவ்வளவு பொருத்தம் என்று யோசிக்கும்போது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. தமிழில் முயற்சிகள் அங்கங்கே உண்டு. ஆனால் கதறும் கித்தார் தமிழ்க் காதுக்குப் பெரும்பாலும் சினிமா வழியாகவே வருகிறது. கதாநாயகன் நடந்துவர இருபது விநாடி, வில்லன் திரும்பிப்பார்க்கப் பத்து விநாடி. சினிமாப் பாட்டைப் பற்றி அபிப்ராயம் சொன்னால் அது நடிகரைப் பற்றிய அபிப்ராயமாக மாறிவிடுகிறது. ஆல்பம் என்று முழுசாக எடுத்துவைத்துச் சண்டைபோட எதுவும் இல்லாததால் சண்டையின் பாஷையும் தமிழில் வளரவில்லை.

வளரவில்லை என்று முழுக்கச் சொல்வதும் பிசகு. இங்கே செம்மேட்டில், அன்னாசி ஏற்றிய பிக்கப் வண்டி புறப்படக் காத்திருந்த இரண்டு பையன்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டு '72 சீஸன்ஸ்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையாளிச் சமூகத்துப் பிள்ளைகள். ஒருவன் கீழே ஐ.டி.ஐ. படித்தவன்.

"கை வேகமாத்தான் இருக்குது. ஆனா பாட்டுல சதைதான் இருக்குது, எலும்பு இல்ல."

"போடா. கடைசிப் பாட்டக் கேளு. பதினோரு நிமிசம். நடுவுல அப்படியே எறங்கி, பள்ளத்துல தண்ணி நிக்கிற மாதிரி நிக்குதுல்ல? அத அந்தாளு முன்னாடி செஞ்சதில்ல."

"நின்னுச்சு சரி. ஏறும்போது ஏறலையே. எழுவது வளைவும் ஒரே கியர்ல ஏத்துனா எப்படி? அண்ணா, நீங்களே சொல்லுங்க."

என்னைக் கேட்டதால் நானும் என் அபிப்ராயத்தைச் சொன்னேன், ஒருவனும் ஏற்கவில்லை. சதை, எலும்பு, பள்ளத்துத் தண்ணீர், கியர். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிவருகிற வண்டியின் சத்தம் தெரிந்தவனுக்கு அந்தக் கடைசி உவமை ஒரு பாட்டின் கட்டுமானத்தைப் பற்றிய முழு விமர்சனம். 'எழுத்து' பத்திரிகைக் காலத்தில் படிமம், குறியீடு என்ற சொற்களைப் புதுக்கவிதைக்காகப் பழக்கிக்கொண்டோம். அவை தேய்ந்து போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த மலைப் பாவையின் பெயரில் எழுபதுகளில் ஒரு சிற்றேடே நடந்தது. இப்போது இந்தச் சொற்களைக் குறித்துக்கொள்ள ஒரு பக்கம் ஒதுக்க நமக்கு மனசில்லை.

ஆகவே பத்திராதிபருக்கு ஒரு யோசனை. அடுத்த இதழுக்கு வந்து சேரும் புத்தகங்களில் ஒன்றை, ஆசிரியரைச் சந்தித்தே இராத ஒருவரிடம் கொடுங்கள். ஆசிரியரின் ஊரையும் முந்தைய விருதுகளையும் எழுதக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். எந்தப் பக்கத்தில் ஒலி கிழிகிறது, எந்த அத்தியாயத்தில் பாஸ் கேட்கவில்லை என்று பக்க எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். என் கவிதைத் தொகுதி சென்ற மாதம் தங்களுக்கு வந்திருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.