பாசி வாசனையைத் தடை கொல்லவில்லை

ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானில், ராஜமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் கல்பாசி கேட்டு வருகிறவர்கள் பிரியாணிக்கோ செட்டிநாட்டுக் குழம்புக்கோதான் அதை வாங்குகிறார்கள். மேலே சாம்பல் நிறம், அடியில் கறுப்பு, ஓரமெல்லாம் சுருண்டு, அழுத்தினால் நொறுங்கிவிடும் சருகு. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தால் தூசி வாடையைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் வராது. எண்ணெய் காய்ந்து, அதில் விழுந்த பிறகுதான் கல்பாசி தன் வேலையைக் காட்டும். நனைந்த மரப்பட்டை, ஈர மண், கொஞ்சம் புகை என்று வீடு முழுக்கப் பரவும். இதன் நெருங்கிய உறவு ஒன்று பாரிஸில் ஒரு காலத்தின் வாசனையையே தீர்மானித்தது என்று கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் உண்மை அதுதான்.

1917-இல் பிரான்சுவா கோத்தி 'ஷீப்ர்' என்ற வாசனைத் திரவியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெயர் சைப்ரஸ் தீவைக் குறிப்பது. மேலே பெர்கமோட் என்ற நார்த்தை வகைப் பழத்தின் தோல் எண்ணெய், அடியில் மத்தியதரைக் கடற்கரைப் புதர்களில் சுரக்கும் லப்டனம் பிசின், ஓக் மரப் பாசி, கூடவே பச்சோலி. இந்தக் கூட்டு ஒரு புட்டியோடு நிற்கவில்லை, ஒரு பாணியாகவே ஆயிற்று. இரண்டே ஆண்டில் ஜாக் கெர்லான் அதன் மேல் பீச் பழ வாசனையை ஏற்றி 'மிட்சுகோ' செய்தார். 1944-இல் எட்மோன் ரூத்னிட்ஸ்காவின் 'ஃபெம்', 1947-இல் 'மிஸ் தியோர்' என்று வரிசை நீண்டது. இவை அத்தனையிலும் ஓக் பாசிக்குள்ள இடம் சாம்பாரில் பெருங்காயத்துக்குள்ள இடம். தனியாக முகர்ந்தால் மை, கடற்கரை ஈரம், பழைய மரம் என்று கரடுமுரடாக இருக்கும். எடுத்துவிட்டாலோ மற்ற எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

பாசி என்று சொல்கிறோமே தவிர, கல்பாசியும் ஓக் பாசியும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் லைக்கன் வகை உயிர்கள். ஓக் பாசியைப் பெரும்பாலும் பால்கன் பகுதிக் காடுகளில் சேகரித்து, பிரான்சின் கிராஸ் நகரத்து ஆலைகளில் சாறெடுக்கிறார்கள்.

இன்று அந்தப் பழைய வாசனைகளைத் தேடும் ரசிகர்களிடம் பேசினால் முதலில் வருவது புலம்பல். ஐரோப்பிய அதிகாரிகள் ஷீப்ரைக் கொன்றுவிட்டார்கள், இப்போது கிடைப்பதெல்லாம் அதன் ஆவி, என்பார்கள். நம் ஊரில் சொந்தமாக வாசனைத் திரவியம் கலந்து விற்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களிடமும் இதே பேச்சு இருக்கிறது. கூடவே ஒரு தெம்பும் இருக்கிறது: 'நமக்கென்ன, நாம் இயற்கைப் பொருளில் செய்கிறோம், அத்தராகச் செய்கிறோம், அந்தத் தடையெல்லாம் நம்மைத் தொடாது.' புலம்பல் பாதி உண்மை. தெம்பில் உண்மையே இல்லை.

ஓக் பாசியில் அட்ரனோரின் என்றொரு பொருள் இருக்கிறது. சாறெடுக்கும்போது, குறிப்பாக ஆல்கஹால் படும்போது, அது இரண்டாகப் பிளக்கிறது. ஒரு துண்டு பாசி மணத்தின் முதுகெலும்பு. ஜிவோடான் நிறுவனம் 'எவர்னில்' என்றும், ஐ.எஃப்.எஃப். நிறுவனம் 'வெராமாஸ்' என்றும் ஆலையில் செய்து விற்பது இதே மூலக்கூறைத்தான். மற்றத் துண்டிலிருந்து வருவது அட்ரனால். அட்ரனோரினுக்குக் குளோரின் ஏறிய ஓர் உடன்பிறப்பும் பாசியில் உண்டு, அதிலிருந்து குளோரோஅட்ரனால் வருகிறது. தோலில் ஒவ்வாமையைக் கிளப்புகிறவை இந்த இரண்டும்தான். மணமும் வினையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

வினை எவ்வளவு என்பதையும் பார்த்துவிட வேண்டும். டென்மார்க்கின் கென்டொஃப்டே மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே இந்த ஒவ்வாமை உள்ளவர்களின் கையில் குளோரோஅட்ரனாலைப் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு என்ற அளவில் கலந்து நாள்தோறும் தடவிப் பார்த்தார்கள். அந்த அளவிலேயே பெரும்பாலோருக்குத் தோல் சிவந்து தடித்தது. இப்படிப்பட்ட ஒவ்வாமை ஒருமுறை வந்தால் உடம்பு அதை மறப்பதில்லை. நாற்பது வயதில் வந்தது எழுபதிலும் இருக்கும்.

ஆகவே விதிகள் வந்தன. 1973-இல் வாசனைத் தொழில் தானே அமைத்துக்கொண்ட சர்வதேச அமைப்பான இஃப்ரா, உடலில் பூசும் வாசனைத் திரவியத்தில் ஓக் பாசிச் சாறும் பைன் மரப் பாசிச் சாறும் சேர்ந்து 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. சாற்றில் அட்ரனாலும் குளோரோஅட்ரனாலும் ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் ஒரு படி மேலே போய் அந்த இரண்டு மூலக்கூறுகளையே அழகுப் பொருள்களில் தடை செய்தது. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள புதுச் சரக்கைச் சந்தையில் இறக்க முடியாது, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு பழைய சரக்கையும் விற்க முடியாது. தடை விழுந்தது இரண்டு மூலக்கூறுகள் மீது. ஓக் பாசி மீது அல்ல. புலம்புகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் இடம் இது.

இரண்டையும் நீக்க முடியுமா என்றால், முடிகிறது. 1990-களின் தொடக்கத்திலேயே கிராஸ் வேதியியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். அட்ரனால் ஓர் ஆல்டிஹைடு. தோலின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால்தான் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கிறது. அந்த ஒட்டும் வேலையைப் புட்டிக்குள் போவதற்கு முன்பே முடித்துவிட்டால்? சாற்றை அமினோ அமிலங்களோடு சேர்த்து வினைபுரிய வைத்தார்கள். அட்ரனால் தோலுக்குப் பதில் அமினோ அமிலத்தைக் கட்டிக்கொண்டது. நோயின் வழியையே மருந்தின் வழியாகத் திருப்பிய இந்த யோசனை எனக்கு எந்தப் புட்டியையும் விடப் பிடித்திருக்கிறது. பிற்பாடு, வெற்றிடத்தில் நுட்பமாக வடித்துப் பிரிக்கும் முறைகளும் வந்தன. 2013 வாக்கில் கெர்லானின் வாசனைக் கலைஞர் தியரி வாசர், இப்படிச் சுத்தம் செய்த பாசியைக் கொண்டு மிட்சுகோவைத் திருத்தினார். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. பழைய புட்டியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து முகர்கிறவர்களுக்கு வேறுபாடு தெரியும்தான். ஆனால் அது உருத்தெரியாமல் போன வேறுபாடு அல்ல.

அப்படியானால் பாசி வாசனை கடைத்தட்டுகளிலிருந்து ஏன் மறைந்தது? காலத்தைப் பாருங்கள். சர்க்கரைப்பாகும் சாக்லெட்டும் மணக்கும் 'ஏஞ்சல்' 1992-இல் வந்தது. சுத்திகரித்த பச்சோலியைப் பழ வாசனையோடு சேர்த்த 'கோகோ மதுமாசெல்' 2001-இல் வந்தது. இவை வந்து, விற்று, சந்தையின் மூக்கையே மாற்றிய பிறகுதான் ஐரோப்பியத் தடை வருகிறது. இஃப்ராவின் கட்டுப்பாடுகள் அதற்கு முன்பே நெருக்கத் தொடங்கியிருந்தன என்பது சரி. ஆனால் பாசியை எடுத்தால் செலவு மிச்சம், விதித் தலைவலி மிச்சம், வாங்குகிறவரும் இனிப்பையே கேட்கிறார் என்ற நிலையில், பெரிய நிறுவனங்கள் கண்ணீர் விட்டுக்கொண்டு பாசியைக் கைவிட்டன என்று நம்ப நான் தயாரில்லை. விதி அவர்களுக்கு ஒரு நல்ல சாக்கு.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இஃப்ரா பெரும் நிறுவனங்கள் நடத்தும் அமைப்பு. விதியை எழுதுகிறவர்களே மாற்று மூலக்கூறையும் விற்கிறார்கள். சுத்தம் செய்த பாசிச் சாறு விலை கூடியது, சின்னக் கைகளுக்கு எளிதில் கிடைக்காது. பெரிய நிறுவனத்துக்கு ஒரு பரிசோதனைச் செலவு கணக்கிலேயே வராது. வீட்டுப் பின்கட்டில் கலக்கிறவருக்கு அது ஒரு மாத வருமானம். இந்தக் குறை உண்மையானது, தீர்க்க வேண்டியது. ஆனால் கையில் தடிப்பு வந்தவரின் தோல் அந்தப் புட்டி பெரிய ஆலையில் நிரம்பியதா, பின்கட்டில் நிரம்பியதா என்று பார்ப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். ஷீப்ர் பாணிக்கு இந்தத் தீபகற்பம் அந்நியமே அல்ல. அதன் தூண்களில் ஒன்றான பச்சோலி இலை 19ஆம் நூற்றாண்டில் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்கள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போனது. இன்று உலகப் பச்சோலி எண்ணெயின் பெரும்பங்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவில் வடிகிறது. அகில் நம் காட்டு மரம். எண்டாவ்-ரொம்பின் காடுகளில் ஜக்குன் மக்கள் காலங்காலமாக அதைத் தேடி எடுத்தவர்கள். துவாஸ் பாலத்தைக் கடந்தால் உலகின் பெரும் வாசனை நிறுவனங்களின் ஆலைகள் சிங்கப்பூரின் மேற்குக் கரையில் நிற்கின்றன. ஈர மண்ணும் அழுகும் இலையும் அகில் புகையும் கலந்த ஒரு பாசி வாசனையை ஜொகூரில் ஒருவர் செய்தால், அதைப் பாரிஸின் நகல் என்று யாரும் சொல்ல முடியாது.

கல்பாசி இங்கேதான் கதைக்குள் வருகிறது. வட இந்தியாவின் கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்கள் இதே வகை லைக்கனை 'சரிலா' என்ற பெயரில் 'டேக்' என்ற செப்புப் பாத்திரத்தில் போட்டு, மற்ற மூலிகைகளோடு வடித்து 'ஷமாமா' அத்தர் செய்கிறார்கள். ஐரோப்பா கோத்தியைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் நம்மிடம் பாசி வாசனை இல்லாமல் இல்லை. ஆகவே ஒரு ஜொகூர் இளைஞர் கல்பாசியை ஆல்கஹாலில் ஊறப்போட்டு, அகிலும் பச்சோலியும் சேர்த்து ஒரு ஷீப்ர் செய்ய நினைப்பது நல்ல யோசனை. அதில் ஒரே ஒரு சிக்கல். கல்பாசியின் மேல் தோலிலும் அதே அட்ரனோரின் இருக்கிறது. ஆல்கஹால் அதையும் அப்படியே பிளக்கும். பாட்டி காலத்துப் பொருள், இயற்கைப் பொருள் என்பதெல்லாம் வேதியியலுக்குத் தெரியாது. (குழம்பைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். நாம் பேசுவது நாள்தோறும் கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசித் தங்கவிடும் பொருளைப் பற்றி.)

அத்தரில் ஆல்கஹால் இல்லையே என்பது அடுத்த வாதம். ஆல்கஹால் இல்லாததால் ஒவ்வாமை வராது என்று கடைகளில் தாராளமாகச் சொல்கிறார்கள். விஷயம் கிட்டத்தட்ட தலைகீழ். ஸ்ப்ரே புட்டியில் வாசனைப் பொருள் சிறு பங்கு, மீதி ஆவியாகிப் போகும். அத்தரில் அடர்த்தியான எண்ணெய் தோலிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் சட்டைக் காலருக்கும் அடியில் மணிக்கணக்கில் இருக்கிறது. 0.1 விழுக்காடு என்ற வரம்பு முடிந்த சரக்குக்கு உரியது. அத்தர் என்றால், புட்டியில் இருப்பது அத்தனையும் முடிந்த சரக்குதான். ஹலால் முத்திரை பொருள் எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குப் பதில் சொல்லும். இன்னாருக்கு ஒவ்வாமை வருமா என்ற கேள்வி அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

மலேசியாவில் அழகுப் பொருள்களை விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்க வேண்டும் என்ற முறை 2008 முதல் இருக்கிறது. அதன் அடிப்படையான ஆசியான் அழகுப்பொருள் வழிகாட்டு நெறி, தடைப் பட்டியலில் ஐரோப்பாவைப் பார்த்தே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இரவுச் சந்தையில் பெயரில்லாப் புட்டி விற்கிறவருக்கு இது எட்டாத சமாச்சாரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெயரை வைத்து, சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் சரக்கு அனுப்ப நினைக்கிறவர் அந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பொருள் மேம்பாட்டுக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. மூலிகைச் சாறும் வாசனை எண்ணெயும் அங்கே பழகிய பாடம். கல்பாசிச் சாற்றில் அட்ரனால் எவ்வளவு, குளோரோஅட்ரனால் எவ்வளவு, அமினோ அமில முறையில் எவ்வளவு இறங்குகிறது, இறங்கிய பிறகு மணம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது ஒரு முதுகலை மாணவருக்கு அளவான ஆய்வு. அதன் முடிவைச் சிறு தயாரிப்பாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டால், ஆளாளுக்குப் பரிசோதனைச் செலவு என்ற சுமையும் குறையும். வாசனைக்கு மானியம் கேட்கிறானே என்று யாராவது முகம் சுளிக்கலாம். அகிலுக்குச் செய்த ஆய்வைப் பாசிக்கும் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அகில் என்றதும் இன்னொன்று. மலாக்கா அகில் 1995-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது, பத்தாண்டு கழித்து அந்த மரப் பேரினமே ஏறியது. காட்டில் கிடைப்பதை எல்லாம் வெட்டி முடித்த பிறகுதான் தோட்டத்தில் நட யோசித்தோம். கல்பாசியைத் தோட்டத்தில் நடவும் முடியாது. இந்த வகை லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இமயமலை அடிவாரத்திலும் தமிழ்நாட்டு மலைகளிலும் மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் சுரண்டியெடுத்துத்தான் சந்தைக்கு வருகிறது. குழம்புக்கு ஒரு சிட்டிகை போதும், சாறெடுக்கவோ கிலோக் கணக்கில் வேண்டும். எனவே பாசி மணத்தின் எடையை எவர்னில் போன்ற ஆலை மூலக்கூறின் மேல் ஏற்றிவிட்டு, சுத்தம் செய்த கல்பாசியைக் கொஞ்சமாக, அதன் கரடுமுரடுக்காக மட்டும் சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். இயற்கைப் பிரியர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் கோத்தி காலத்திலேயே ஆலை மூலக்கூறு இல்லாத வாசனைத் திரவியம் அருகிவிட்டது. மிட்சுகோவின் பீச் மணம் எந்தப் பீச் பழத்திலிருந்தும் வரவில்லை, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

கடைசியாகச் சிட்டை. நம் கடைகளில் விற்கும் பெரும்பாலான வாசனைப் புட்டிகளின் உட்பொருள் பட்டியலில் 'வாசனை' என்ற ஒரே சொல்தான் எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறது. சின்னத் தயாரிப்பாளர் பெரிய நிறுவனத்தை முந்தக்கூடிய இடம் இது. பாசிச் சாறு சேர்த்திருக்கிறது, இன்ன வகை, அட்ரனால் அளவு இவ்வளவு என்று அவர் அச்சிட்டு ஒட்டட்டும். தோலில் தடிப்போடு மருத்துவரிடம் போகிறவர் அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டலாம்.