ஓர் அங்குலம் யாருக்காக?

வேட்டைக்காரர்களில் இரண்டு வகை உண்டு. கடையில் ஒரு பெட்டி தோட்டா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, துடைத்து, அளவெடுத்து, தராசில் மருந்து நிறுத்து, தோட்டாவைத் தாமே அடைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. அமெரிக்காவில் இந்த இரண்டாம் வகையினர் ஏராளம். பிரான்சிலும் உண்டு. என் பள்ளித் தோழர் ஒருவர், சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்சிலேயே தங்கிவிட்டவர், இதில் மூழ்கிக் கிடக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டால் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஐந்து நிமிடம், தோட்டாவைப் பற்றி அரை மணி நேரம். அவரோடு வாதாடி வாதாடி எனக்கென்று ஒரு கருத்து உண்டாகிவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதையும் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டும் நல்ல சட்டங்கள் என்பதே என் எண்ணம். ஆகவே நான் பேசுவது, வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளைப் பற்றி.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. மருந்தை நிறுக்கும் அளவுக்கு கிரெய்ன் என்று பெயர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் பத்தர் நிறுக்கும் குண்டுமணியில் ஏறக்குறையப் பாதி. அதையும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள்! பொன் நிறுப்பதற்குக்கூட இத்தனை கவனம் கிடையாது.

எதற்காக இத்தனை பாடு? சுடும்போது துப்பாக்கிக் குழல், மீட்டிய தந்தி போல அதிர்கிறது. அந்த அதிர்வின் எந்தக் கணத்தில் குண்டு வாயை விட்டு வெளியேறுகிறதோ, அதைப் பொறுத்து அது போய் விழும் இடம் மாறும். ஒவ்வொரு குண்டும் அதே வேகத்தில், அதே கணத்தில் வெளியேறினால் அதே இடத்தில் விழும். அதற்காகத்தான் ஒரே தயாரிப்பின் கூடுகள், ஒரே நீளம், ஒரே எடை மருந்து, ஒரே ஆழத்தில் பொருத்திய குண்டு என்று பார்க்கிறார்கள். அதிக மருந்து போட்டால் அதிக நேர்த்தி வரும் என்பதெல்லாம் கிடையாது. அச்சிட்ட அட்டவணையில் உள்ள குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எதனால் நன்மை வந்தது, எதனால் கெட்டது என்று தெரியாது. கோப்பு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கலையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வேதியியல் பாடத்தில் நாங்கள் படித்த லவுவாசியே, 1775-இல் அரசாங்க வெடிமருந்து நிர்வாகத்தின் பொறுப்பாளர்களில் ஒருவராகி, மருந்தின் தரத்தை உயர்த்தியவர். அவரிடம் தொழில் கற்ற தியூபோன் என்ற இளைஞர் அமெரிக்காவுக்குப் போய், 1802-இல் டெலவேரில் மருந்து ஆலை வைத்தார். டூபாண்ட் கம்பெனி அப்படிப் பிறந்ததுதான். 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கருமருந்தைவிடப் பல மடங்கு வலிமை, புகையோ மிகக் குறைவு. இரண்டு வருடத்தில் லெபெல் துப்பாக்கி வந்தது. அதே மருந்து பழசாகிக் கெட்டுப்போனபோது என்ன ஆனது? 1907-இல் தூலோன் துறைமுகத்தில் 'இயேனா' என்ற போர்க்கப்பலும், 1911-இல் 'லிபெர்த்தே' என்ற போர்க்கப்பலும் வெடித்துச் சிதறின. மருந்து டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி வைக்கச் சொல்வது கிழவர்களின் தொணதொணப்பு அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். இந்த நேர்த்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பலர் அதைத் தவறான இடத்தில் அளக்கிறார்கள்.

100 கஜத்தில் மூன்று குண்டுகள் சுடுவார்கள். மூன்றும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தால் காகிதத்தைப் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டுவார்கள். மூன்று குண்டு ஒரு கணக்கா? சராசரியாக மூன்று குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் விழும் துப்பாக்கியில், பத்துக் குண்டு சுட்டால் அதே கூட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விரியும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை. முதலில் பார்த்தது முழு உண்மை இல்லை, அவ்வளவுதான். பலமுறை சுட்டு, அதில் அழகாக விழுந்த ஒரு காகிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது, நல்ல மாதத்துக் கணக்கை மட்டும் தணிக்கையில் காட்டுவது போன்றது.

இன்னொன்று. மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் வட்டம் சுமார் 8 அங்குலம். 100 கஜத்தில் ஓர் அங்குலம் சுடும் துப்பாக்கி 200 கஜத்தில் இரண்டு அங்குலம் சுடும். அதைக் கால் அங்குலம் குறைக்க ஒரு வருடம் மேசையில் உட்காருவதால் மானுக்கு ஒரு லாபமும் இல்லை. மீதி ஆறு அங்குலமும் மனிதனின் கையில், மூச்சில், அவசரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் பாதியை நின்றும் முழங்காலிட்டும் சுட்டுப் பழகுவதில் செலவிட்டால் எவ்வளவோ மேல்.

வேட்டைக்காரனுக்கு முக்கியம் முதல் குண்டு. குளிர்ந்த குழலிலிருந்து போகும் அந்த ஒன்று. குழல் சூடேறிய பிறகு விழும் நாலாவது குண்டைப் பார்க்க மான் நிற்காது. நான் தோழரிடம் சொன்ன யோசனை இதுதான்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு, பத்து நாள், அதே காகிதத்தில். பத்தும் எங்கே விழுந்திருக்கின்றனவோ, அதுதான் உங்கள் துப்பாக்கியின் உண்மையான நேர்த்தி. உங்களுடையதும்கூட.

விலங்கை மனத்தில் வைத்து உழைத்தவர்களும் உண்டு. ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-இல் கனடாவில் மூஸ் என்னும் பெரிய மானைச் சுட்டார். சேறு அப்பிக் காய்ந்த அதன் உடம்பில் குண்டு ஆழமாகப் போகவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் புதுவகைக் குண்டு ஒன்றைச் செய்தார். குண்டுக்குள் குறுக்கே ஒரு செப்புத் தடுப்பு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். காகிதத்தில் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலமாகவே விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை. அது சரியான கேள்விக்குப் பதில்.

குறி தப்பிய குண்டு காட்டோடு முடிந்துபோவதில்லை. 1907-இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலது பக்கத்துக் கோரைப்பற்கள், மேலும் கீழும், உடைந்திருந்தன. முன்பு எவனோ சுட்ட காயம் அது என்றும், அதனால்தான் தன் இயல்பான இரையை விட்டு மனிதரைத் தின்ன ஆரம்பித்தது என்றும் கார்பெட் எழுதினார். சுட்டவன் யார் என்று தெரியாது. சுட்டுவிட்டு, படவில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்.

நம் பக்கத்தில் வேட்டை இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. அவுட்டுக்காய் இருக்கிறதே! அதுவும் கையால் அடைக்கும் மருந்துதான். தராசு கிடையாது, குறி கிடையாது, எந்த விலங்கு கடிக்கும் என்பதும் தெரியாது. காட்டுப்பன்றிக்கு என்று வைப்பார்கள், பசுமாடு கடிக்கும். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது நினைவிருக்கும். பயிரைப் பறிகொடுக்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நஷ்டஈட்டை அரசாங்கம் இழுத்தடிக்காமல் தர வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் கண்ணால் பார்க்காத உயிருக்கு மருந்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

கொல்லத்தான் வேண்டும் என்று சட்டம் அனுமதிக்கும் இடத்தில், ஒரே கணத்தில் கொல்வது கடமை. அந்தக் கடமைக்காக ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து மருந்து நிறுத்தால் அவருக்கு என் வணக்கம். காகிதத்தில் ஓட்டை பார்ப்பதற்காக என்றால், காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். காட்டுக்குப் போக வேண்டாம்.