கைமாறும் சைக்கிளுக்கு விலை எங்கிருந்து வருகிறது?

சைக்கிள் வியாபாரம் என்றதும் எல்லோரும் புதிய வண்டியின் விலையைப் பற்றியே பேசுகின்றனர். அதே வண்டி மூன்று, நான்கு வருடங்களின் பின் கைமாறும்போது என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. சிறு முதலோடு கடை நடத்துபவருக்கு இந்தக் கணக்கு மிக அவசியமானது. பாவித்த பின் விலை போகாத வண்டி என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால், அதே இனத்துப் புதிய வண்டியும் கடையில் தேங்கிவிடும்.

உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும் வண்டிதான் விலையைக் காப்பாற்றும் என்பது எனது அபிப்பிராயம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் ரலே சைக்கிள் உற்பத்தி 2002ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனாலும் பழைய ரலே, ஹம்பர் வண்டிகளைத் தேடி வாங்குவோர் இன்னும் இருக்கின்றனர். பெயரின் மதிப்பு ஒரு காரணம். அதே பழைய அமைப்பில் இந்தியாவின் லுதியானாவில் வண்டிகள் தொடர்ந்து தயாரானதால் 28 × 1½ டயரும் டியூபும் கிடைத்து வந்தமை அதைவிடப் பெரிய காரணம். லுமாலா, ஹீரோ போன்ற பழகிய பெயர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

டயர் விடயத்தில் கொள்வனவாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். '26' என்று சொல்லப்படும் டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் வண்டிகளின் 26 அங்குல டயருக்கு அது 559 மில்லிமீற்றர். ஒன்றை மற்றதில் போட முடியாது. ஆகவே பெயரைப் பார்க்குமுன் டயரின் ஓரத்தில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். அந்த அளவு டயர் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் விலை எவ்வளவு மலிவாயினும் யோசித்தே வாங்குங்கள்.

அலுமினிய பிரேம் துருப்பிடிக்காது. கடலோர ஊர்களுக்கு அது நல்லதே. ஆனால் வெடித்தால் சாதாரண வெல்டிங் கடையில் ஒட்ட முடியாது. இரும்பு பிரேமை ஒட்டலாம். மலிவான வண்டிகளில் வரும் ஸ்பிரிங் முன் போர்க் உப்புக் காற்றில் இறுகிப்போகும். மின்சார சைக்கிளின் விலையில் பெரும் பங்கு பற்றரிக்குரியது. பற்றரி தளர்ந்ததும் வண்டியின் விலையும் அதனோடு இறங்கிவிடும்.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பாவித்த சைக்கிளுக்குக்கூட வாங்கிய விலையைவிட அதிகம் கிடைத்ததைக் கண்டோம். அதை இலாபம் என்று எண்ணுவது சரியல்ல. அவ்வருட ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. உதாரணமாக, முன்பு 20,000 ரூபாவுக்கு வாங்கியதை 30,000க்கு விற்றவர் கொடுத்தது 100 டொலர் பெறுமதி. பெற்றதோ 83 டொலர் பெறுமதிதான். அந்தப் பணத்தில் அதேபோன்ற புதிய வண்டியை அவரால் மீண்டும் எடுக்க முடிந்திராது. விற்ற விலையை வாங்கிய விலையோடு மட்டும் ஒப்பிடாமல், மீண்டும் வாங்க வேண்டிய விலையோடும் ஒப்பிட வேண்டும் என்பதே அந்த வருடம் தந்த பாடம்.

புதிய இனமொன்றைக் கடைக்கு எடுக்குமுன் நம் வியாபாரிகள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. டயர், செயின், பிரேக் கட்டை ஊரில் கிடைக்குமா? நம் ஊர்த் திருத்துநருக்கு அந்த வண்டி பழக்கமானதா? நான்கு வருடங்களின் பின் இதே வண்டியை நாமே திரும்ப எடுப்போமா? மூன்றாவதுக்கு 'இல்லை' என்று மனம் சொன்னால், அதை மாதச் சம்பளத்தில் பிள்ளைக்கு சைக்கிள் வாங்க வரும் தகப்பனுக்கு விற்பதும் நியாயமில்லை.

இன்னொன்று, பிரேமில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டு இருந்தால் களவு வண்டியோ என்ற சந்தேகம் எழாது. பாவித்த வண்டியை வாங்குபவரும் தயங்காமல் நல்ல விலை கொடுப்பார். எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். அதனால் கடைக்கு வரும் நற்பெயரோ பல வருடம் நிற்கும்.