எந்தக் கிரேக்கக் கடவுள்?

கட்டுடல் நடிகரைப் பார்த்ததும் ‘கிரேக்கக் கடவுள் மாதிரி இருக்கான்’ என்கிறோம். எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. ஹெபஸ்டஸும் கிரேக்கக் கடவுள்தான். கால் ஊனம் என்று பெற்ற தாய் ஹீராவே ஒலிம்பஸிலிருந்து வீசியெறிந்த பிள்ளை.

இலியட்டில் அவன் ஓடியாடி மது பரிமாற, மற்ற தெய்வங்கள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. விருந்து முடிந்து அவர்கள் தூங்கப்போன மாளிகைகளைக் கட்டியவனே அவன்தான்! அக்கிலீஸின் கேடயமும், தானாக நகரும் முக்காலிகளும் அவன் பட்டறையில் பிறந்தவை.

நான் பொறியாளன். கட்டியவனை மறந்துவிட்டுத் திறப்புவிழாவில் கைதட்டும் கூட்டத்தைப் பார்த்துச் சலித்தவன். ஏதென்ஸ்காரர்கள் நம்மைவிட நியாயமானவர்கள். ஊர்ச்சந்தையைப் பார்த்தபடி அவனுக்குக் கோயில் எழுப்பினார்கள். 1687இல் வெனிஸ் படையின் குண்டில் பார்த்தெனான் சிதறியது. இவன் கோயில் இன்றும் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது.

அடுத்த தடவை அந்தப் பாராட்டைச் சொல்லுமுன், அவன் காலையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.